பாட்டுக்காக ஒரு மொழி கற்கலாமா? நம் வீட்டில் ஒலிக்கும் தெலுங்கிலிருந்து தொடங்கலாம்!

புதிதாக ஒரு மொழி கற்க ஆசை. எதைத் தேர்ந்தெடுப்பது? வேலைக்கு என்றால் ஜெர்மன், ஜப்பானிஷ் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கே-பாப் ரசிகர்கள் கொரியன் பக்கம் போகிறார்கள். இசை பிடிக்கும் என்பதற்காகவே கற்பதாக இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பிளேலிஸ்ட்டைத்தான். அர்த்தமே தெரியாமல் எந்த மொழிப் பாட்டு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கிறது?

தமிழ்நாட்டில் பல வீடுகளில் இதற்குப் பதில், தெலுங்கு. பாட்டிக்கு 1980-ல் வந்த ‘சங்கராபரணம்’ பாடல்கள் அத்துப்படி. பாட்டு கிளாஸ் போகும் பேத்தி ‘நகுமோமு’ பாடுவாள். காலேஜ் போகும் பேரன், சித் ஸ்ரீராமின் ‘சாமஜவரகமனா’வைத் திரும்பத் திரும்பக் கேட்பான். ‘என்ன அர்த்தம்?’ என்று கேட்டால் மூவரிடமும் பதில் இருக்காது.

திருவையாற்றில் தெலுங்கு எப்படி?

தியாகராஜர் (1767–1847) வாழ்ந்தது காவிரிக் கரையில். எழுதியதோ பெரும்பாலும் தெலுங்கில். அது அவருடைய வீட்டுமொழி. தஞ்சையை ஆண்ட நாயக்கர் காலத்திலிருந்தே அரசவையிலும் தெலுங்குக்கு மதிப்பு இருந்தது. மராட்டியர் ஆட்சியிலும் அது தொடர்ந்தது.

‘புரியாத மொழியில் ஏன் பாட வேண்டும்?’ என்ற கேள்வியும் பழையதுதான். தமிழிசை இயக்கம் அதை உரக்கக் கேட்டது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. தமிழில் பாடுவது ஒரு வழி. பிடித்த பாட்டின் மொழியைக் கற்பது இன்னொரு வழி. ஒன்றுக்கு ஒன்று எதிரி இல்லை.

அர்த்தம் தெரிந்தால் பாட்டே மாறும்

‘மருகேலரா’ கீர்த்தனையைக் கேட்டிருப்பீர்கள். பக்திப் பாட்டு என்பதற்கு மேல் பலருக்கு எதுவும் தோன்றாது. அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: மருகு (மறைவு) + ஏல (ஏன்) + ரா. இந்த ‘ரா’ நம்மூர் ‘டா’ மாதிரி. ‘ஏன்டா ஒளிஞ்சுக்கறே?’ என்று ராமனையே உரிமையோடு கேட்கிறார் தியாகராஜர். ‘ப்ரோவ பாரமா’ என்றால், ‘காப்பாத்தறது உனக்குப் பாரமா?’

இது தெரிந்த பிறகு அதே பாட்டைக் கேளுங்கள். கைகூப்பி நிற்கும் பக்தர் மட்டுமல்ல, செல்லமாகச் சண்டை போடும் ஒருவரும் தெரிவார். பாடும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். சொல் எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால், ‘மரு… கேலரா’ என்று நடுவில் மூச்சு வாங்கிவிடுவார்கள். சுருதி, தாளம் சரியாக இருந்தாலும் சொல் உடைந்துபோகும்.

பாதி தெரிந்த மொழி

தெலுங்கும் திராவிட மொழிதான். தமிழ் போலவே வினைச்சொல் கடைசியில் வரும். கன்னு, செவி, முக்கு, காலு, பாலு, நீரு, ஊரு… இவற்றுக்கு அகராதி தேவையா? ‘நகுமோமு’வில் ‘நகு’ என்றால் சிரிக்கும். நம் ‘நகை’யின் உறவு. மோமு, முகம். ‘கனகன ருசிரா’வின் ‘கனகன’, நம் ‘காணக் காண’ தான்.

எழுத்தையும் கற்க வேண்டுமா?

ஆம். தமிழில் ஒரே ‘க’. தெலுங்கில் நான்கு. அதனால்தான் தமிழில் அச்சான கீர்த்தனைப் புத்தகங்களில் எழுத்துக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று எண் போடுகிறார்கள். ‘கூடு’ என்பதை ‘கடல்’ என்பதில் வரும் ‘க’ ஒலியில் சொன்னால் சோறு. ‘தங்கம்’ என்பதில் வரும் ‘க’ ஒலியில் சொன்னால் பறவையின் கூடு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கடைத்தெருவில் கீர்த்தனை உதவாது

பாட்டில் கற்ற மொழியை அப்படியே பேசப் போனால் சிக்கல்தான். கீர்த்தனையில் ‘ஏல’ என்றால் ‘ஏன்’. இன்றைய பேச்சில் ‘ஏன்’ என்பதற்கு ‘எந்துக்கு’. ‘எலா’ என்றால் ‘எப்படி’. ‘ரா’ போட்டு ராமனிடம் பேசலாம், ஹைதராபாத் சம்பந்தியிடம் பேச முடியாது. பெரியவர்களிடம் ‘அண்டி’ சேர்க்க வேண்டும். ‘செப்பண்டி’ என்றால் ‘சொல்லுங்க’.

சினிமாப் பாட்டிலும் கவனம் தேவை. ‘சாமஜவரகமனா’ என்பது யானை போன்ற கம்பீர நடையைச் சொல்லும் சம்ஸ்கிருதத் தொடர். தியாகராஜர் இந்தோள ராகக் கீர்த்தனையில் அப்படி அழைத்தது கிருஷ்ணனை. 2020-ல் வந்த ‘அல வைகுந்தபுரமுலோ’ பாட்டில் ஹீரோ அழைப்பது காதலியை. அழகான தொடர்தான், ஆனால் பஸ் ஸ்டாண்டில் வழி கேட்க உதவாது!

எப்படித் தொடங்கலாம்?

• மனப்பாடமாகத் தெரிந்த ஐந்து பாடல்களை எடுங்கள். இரண்டு கீர்த்தனை, மூன்று சினிமாப் பாட்டு என்று கலந்து இருக்கட்டும்.

• ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, பக்கத்தில் அர்த்தம் எழுதுங்கள். மொத்தப் பாட்டின் கருத்து மட்டும் தெரிந்தால் போதாது.

• தினமும் நான்கைந்து எழுத்து பழகுங்கள். பிறகு அதே பாடல்களைத் தெலுங்கு எழுத்திலேயே படியுங்கள். பாட்டு முன்பே தெரியும் என்பதால் எழுத்து சீக்கிரம் பிடிபடும்.

• பேச்சுமொழிக்குத் தெலுங்குப் படங்களை சப்டைட்டிலோடு பாருங்கள்.

• தெருவில் தெலுங்கு பேசும் குடும்பம் இருக்கிறதா? ‘பாகுன்னாரா?’ (நல்லா இருக்கீங்களா?) என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

உங்கள் பிளேலிஸ்ட்டில் இருப்பது மலையாளமோ, கொரியனோ, ஸ்பானிஷோ, இதே வழிதான். மொழி கற்பவர்கள் பாதியில் விடுவது பெரும்பாலும் அலுப்பில்தான். நூறு முறை கேட்டாலும் அலுக்காத பாட்டு கையில் இருப்பவருக்கு அந்தக் கவலை குறைவு. இன்று இரவு ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு வரி, அதன் அர்த்தம். தொடங்க அது போதும்.