பந்து பிசகினால் குற்றம் யாருடையது?

பேஸ்பால் ஆட்டத்தில் 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து மட்டையாளரை நோக்கிப் பந்தெறியும் பிட்சர் தொடர்ந்து அடி வாங்கும்போது, பழியை அவர்மீது போடுவதா, அவரைப் பழக்கிய பயிற்சியாளர்மீது போடுவதா என்னும் வழக்கு அமெரிக்காவில் ஓய்வதே இல்லை. அதற்கு லியோ மசோனியைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

1990 முதல் 2005 வரை அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் பிட்சர்களைப் பழக்கிய அவர், ஆட்டத்தின்போது பெஞ்சில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே அமர்ந்திருந்தவர். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர்கள், அடுத்த வாய்ப்புக்கு முன் கிடைக்கும் ஓய்வு நாள்களில், வழக்கம்போல் ஒருமுறை அல்லாமல் இருமுறை, முழு வேகமின்றிப் பந்தெறிந்து பழக வேண்டும் என்பதும், மட்டையாளருக்கு எட்டாத தாழ்ந்த வெளிமூலையைக் குறிவைக்க வேண்டும் என்பதும் அவருடைய முறை. கிரெக் மாடக்ஸ், டாம் கிளாவின், ஜான் ஸ்மோல்ட்ஸ் ஆகிய மூவரும் அவரிடம் இருந்தபோது அம்முறை வேதவாக்காகக் கருதப்பட்டது.

அதே முறையுடன் அவர் 2006இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்குச் சென்றார். அங்கு ஈ.ஆர்.ஏ., அதாவது களப்பிழைகளால் வந்தவற்றைத் தள்ளிவிட்டு ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர்கள் விட்டுக்கொடுக்கும் ஓட்டங்களின் சராசரி, இரண்டு ஆண்டுகளிலும் ஐந்தைத் தாண்டியது. பால்டிமோர் ஆடும் அமெரிக்கன் லீகில் மட்டும் அப்போது பிட்சருக்குப் பதிலாகத் தேர்ந்த மட்டையாளர் ஒருவர் ஆடியதால் ஓட்டங்கள் சற்றுக் கூடுவது இயல்பு என்று கழித்துப் பார்த்தாலும் இது மோசமான கணக்கே.

மாடக்ஸோ அட்லாண்டாவுக்கு வருமுன்பே, 1992இல் சிகாகோ கப்ஸ் அணியில், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வென்றவர்; அவருடைய திறமை மசோனியின் முறையால் மட்டும் வந்ததன்று. ஆகவே பால்டிமோரின் தோல்வியில் பெரும்பங்கு, பிட்சர்களைத் தேர்ந்தெடுத்த நிர்வாகத்தையே சாரும்; ஆனால் 2007 முடிவில் வேலை இழந்தவர் மசோனிதான்.