மாடித் தொட்டியில் மூலிகைத் தேநீர்: முதலில் தண்ணீரைப் பாருங்கள்



சில மாதங்களுக்கு முன் பெண்கள் பயான் முடிந்ததும் ஒரு சகோதரி நம்மிடம் வந்தார். மார்க்கச் சட்டம் ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தோம். "ஹஜ்ரத், புதினா மூணு தடவ வெச்சேனுங்க. மூணு தடவயும் கருகிப் போச்சு. கண்ணேறு பட்டிருக்குமோ?" என்றார்.

வீட்டிலிருந்தபடியே பனியன் பீஸுக்குப் பிசிறு வெட்டுகிற சகோதரி அவர். வேலை ஓட்டத்தில் பசி தெரியாமல் இருக்க ஒரு நாளைக்கு ஆறேழு டீ. இரத்தம் குறைவாக இருக்கிறது, டீயைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த இடத்தை வீட்டில் வளர்த்த புதினா, துளசி வைத்து நிரப்பலாம் என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம்தான். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா என்று கேட்டோம். சுண்ணாம்பு அடித்தது போல் இருக்கிறது என்றார். இலை எங்கிருந்து கருகுகிறது? நுனியிலிருந்து. எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? போர் தண்ணீர்.

கண்ணேறு உண்மை என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் புதினாவைக் கருக்கியது உப்பு.

திருப்பூர்த் தண்ணீரில் உப்பு வந்த கதை

பருத்தித் துணியில் சாயம் ஏறிப் பிடிக்க, சாயத் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். சாயம் துணியில் தங்கிவிடும். உப்பு தங்காது, கழிவு நீரோடு வெளியே வந்துவிடும். பல ஆண்டுகள் அந்த நீர் நொய்யலில் போனது. சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் பாசனத்துக்கென்று ஓர் அணை கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே, அந்த அணைத் தண்ணீர் எங்கள் நிலத்துக்கு வேண்டாம் என்று விவசாயிகளே நீதிமன்றம் போகும் நிலை வந்தது. தண்ணீர் கேட்டு வழக்குப் போட்ட விவசாயியைத்தான் நாம் அறிவோம். வேண்டாம் என்று வழக்குப் போட வைத்தது நம் ஊர். கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. கழிவு நீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு செய்த பிறகே அவை ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஆனால் நிலத்துக்குள் இறங்கிய உப்பு தீர்ப்பு வந்த அன்றே வெளியேறிவிடாது. அதனால்தான் நம் வீடுகளில் இன்றும் இரண்டு குழாய்: ஒன்று மேட்டுப்பாளையம் பக்கமிருந்தும் காவிரியிலிருந்தும் வருகிற நல்ல தண்ணீர், மற்றொன்று போர் தண்ணீர். நல்ல தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வரும். அதைச் செடிக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது. செடிக்குப் போர் தண்ணீர்தான்.

மற்ற செடிகளுக்கு அது பரவாயில்லை. அரளியும் காகிதப்பூவும் சமாளித்துக்கொள்ளும். ஆனால் இலையைக் கிள்ளி, கொதிக்க வைத்து, வயிற்றுக்குள் விடப்போகிற செடிக்கு எந்தத் தண்ணீர் என்று பார்க்கத்தான் வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்போ உலோகமோ போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அவை இன்னும் கெட்டியாகத்தான் ஆகும்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பேனா அளவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு தெருவுக்கு ஒன்று போதும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை. உங்கள் போர் தண்ணீர் 2,000-ஐத் தாண்டினால் புதினாவை மறந்துவிடுங்கள். இந்த மீட்டர் உப்பை மட்டுமே காட்டும். சாயப்பட்டறைக்கு அருகில் உள்ள போர் என்றால், எண் குறைவாக இருந்தாலும் தேநீர்ச் செடிக்கு அதை ஊற்ற வேண்டாம் என்பதே நம் கருத்து.

இன்னொரு தவறும் நடக்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் வீணாகிறதே என்று நல்ல எண்ணத்தில் அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். வடிகட்டிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. அது தரை கழுவ ஆகும், புதினாவுக்கு ஆகாது.

அப்படியானால் எதை ஊற்றுவது?

அரிசி, பருப்பு கழுவிய நீர் இருக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவியதாக இருந்தால் சரி. ஒளுச் செய்த தண்ணீர் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளுச் செய்ததாக ஆதாரப்பூர்வமான ஹதீஸ் உண்டு. இரு கை நிறைய அள்ளும் அளவு அது. முக்கால் லிட்டருக்கு உள்ளேதான் வரும். நாம் குழாயைத் திறந்துவிட்டு அதைப்போலப் பல மடங்கு ஓட விடுகிறோம். நல்ல தண்ணீரில், கீழே ஒரு வாளியை வைத்து வீட்டில் நான்கு பேர் ஐந்து வேளை ஒளுச் செய்தால் பத்துப் பன்னிரண்டு தொட்டிக்குக் காணும். ஒளுச் செய்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா என்று தயங்குவோர் உண்டு. ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபிலும் அது சுத்தமான தண்ணீர்தான்; மறுபடி ஒளுச் செய்யத்தான் ஆகாது. வாய் கொப்பளித்த நீரும் அதில் இருப்பதால் இலை மேல் தெளிக்காமல் மண்ணில் ஊற்றுங்கள். சோப்புத் தண்ணீர் கலக்க வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் விட மேலானது மழை. 100 சதுர அடி மாடியில் 10 மி.மீ. பெய்தால் ஏறத்தாழ 90 லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு டிரம் பிடித்து வைத்தால் பல வாரம் ஓடும். வாயைப் பனியன் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் டெங்குக் கொசுவை வளர்த்தவர்கள் ஆவோம். பெருமழையில் தொட்டிகளை வெட்டவெளியில் வைத்து, அடித்துளையில் நீர் வழிந்தோட விட்டால், மண்ணில் ஏறிய பழைய உப்பும் கழுவிப் போகும்.

டிரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் நீலப் பேரல் மலிவாகக் கிடைக்கும். பாதியாக வெட்டினால் அருமையான தொட்டி. ஆனால் அதில் பல, சாயப்பட்டறைக்கு ரசாயனம் வந்தவை. எத்தனை முறை கழுவினாலும் தேநீர்ச் செடிக்கும் மழை நீருக்கும் அது வேண்டாம். மண் தொட்டியோ, சமையல் எண்ணெய் வந்த டின்னோ போதும். மண் மேல் மூடாக்காகச் சாயம் போட்ட கட்டிங் வேஸ்ட்டைப் பரப்புவதும் அப்படித்தான். காய்ந்த இலையே போதும்.

எதை வளர்க்கலாம்?

உண்மையான தேயிலைச் செடியை இங்கே வளர்க்க ஆசைப்பட வேண்டாம். குன்னூர் மலையின் புளிப்பு மண்ணும் குளிரும் மழையும் அதற்கு வேண்டும். நம் சுண்ணாம்பு மண்ணுக்கு வராது.

புதினாவுக்கு விதை தேவையில்லை. நோன்புக் கஞ்சிக்கு வாங்கும் கட்டிலிருந்து தடித்த நான்கு தண்டை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, டம்ளர் தண்ணீரில் வையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும். ஆழம் குறைந்த அகலமான தொட்டி, காலை வெயில், மதியம் நிழல். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் விட்டால் நல்ல தண்ணீரும் அதைக் காப்பாற்றாது.

எலுமிச்சைப்புல் அதைவிட முரட்டுச் செடி. ஒரு தூரைப் பிரித்து நட்டால் புதராகும். அடியில் நாலு விரற்கடை விட்டு அறுங்கள். இலை ஓரம் கையைக் கிழிக்கும். கற்பூரவல்லி ஒடித்து நட்டாலே வரும். இஞ்சி முளை விட்டதைச் சித்திரை, வைகாசியில் புதைத்தால் தை மாதம் தோண்டலாம். சொர்க்கவாசிகளின் பானத்தில் கலக்கப்படும் என்று குர்ஆன் 76-வது அத்தியாயம் சொல்லும் 'ஸன்ஜபீல்' இந்த இஞ்சிதான்.

துளசி பற்றி நம்மிடம் தனியாகக் கேட்பார்கள்: மற்றவர்கள் வணங்கும் செடி, நாம் வைக்கலாமா? செடி அல்லாஹ்வின் படைப்பு. அதை வணங்குவதுதான் நமக்குக் கூடாதே தவிர, மருந்தாக வளர்த்துக் குடிப்பதில் தடை எதுவும் இல்லை. அதன் நெருங்கிய உறவுதான் திருநீற்றுப்பச்சை. அரபு நாடுகளில் 'ரைஹான்' என்று அழைப்பது அதைத்தான். நோன்பு திறக்கும் சர்பத்தில் போடும் சப்ஜா விதையும் அதனுடையதே. சர்பத்தை விரும்பிக் குடித்துவிட்டுத் துளசிக்கு மட்டும் தயங்குவது சற்று வேடிக்கைதான்.

செம்பருத்தியில் ஒரு குழப்பம் இருக்கிறது. வளைகுடாவில் இருந்து வந்தவர்கள் 'கர்கடே' என்ற சிவந்த புளிப்புப் பானத்தைச் சொல்லி, வீட்டுச் செம்பருத்தியில் அந்தப் புளிப்பு இல்லையே என்பார்கள். அது அதே இனத்தில் வேறு செடி. பூவிதழ் அல்ல, பூவின் அடியில் இருக்கும் சதைப்பற்றான புல்லி இதழ்தான் அதில் ஊறுவது.

ஆவாரம்பூ காங்கேயம் பக்கம் சாலையோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். லாரிப் புகை படிந்த சாலையோரத்தில் பறிக்காதீர்கள். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் ஆவாரம்பூவை நம்பி மாத்திரையை நிறுத்தவும் கூடாது. கர்ப்பிணிகள் எந்த மூலிகையையும் மருத்துவரிடம் கேட்டபின் குடிக்கட்டும்.

புதினா, துளசி இலையைக் கொதிக்க விடாதீர்கள். கொதித்த நீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். மணம் ஆவியோடு போகாது. இஞ்சியும் எலுமிச்சைப்புல்லும் கொதிக்கட்டும். காய வைப்பதானால் நிழலில், மெல்லிய துணி மூடி. நிட்டிங் ஓடும் தெருவில் பஞ்சுத் தூசு படியும்.

அந்தச் சகோதரிக்கு நாம் சொன்ன இன்னொன்று: டீயில் உள்ள துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் எடுக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். புதினாவிலும் அந்தத் தன்மை ஓரளவு உண்டு. அதனால் எதைக் குடித்தாலும் சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரைக்கும் அதே கணக்கு. பசியை டீயால் அடக்குவது போலப் புதினாத் தண்ணீரால் அடக்குவதும் சாப்பாடு ஆகாது.

மழை வந்தபின் நாலாவது தடவையாகப் புதினா வைத்திருக்கிறார், புது மண்ணில். கஞ்சிக்குப் பறிக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை. இலை நுனி பச்சையாகவே இருக்கிறது என்கிறார்.