2009ஆம் ஆண்டுக் காணொளி ஏன் ஓடவில்லை?

போர்க்காலத்தில் இணையத்தில் தரவேற்றப்பட்ட காணொளியொன்றைக் கணினியில் திறக்கிறீர்கள். கறுப்புப் பெட்டி மட்டுமே தெரிகிறது. காணொளி அழிக்கப்பட்டுவிட்டது என்று உடனே முடிவுசெய்ய வேண்டாம்.

முதலில் யூடியூப்பில் ஏதாவதொரு காணொளியை ஓடவிட்டுப் பாருங்கள். அதுவும் ஓடாவிட்டால் சிக்கல் பெரும்பாலும் உங்கள் உலாவியில்தான். அதைப் புதுப்பியுங்கள், விளம்பரத் தடுப்பான் போன்ற நீட்சிகளை நிறுத்துங்கள். ஒலி வந்து படம் வராவிட்டால், அமைப்புகளில் 'ஹார்ட்வெயார் அக்சிலரேஷன்' என்பதை நிறுத்திவிட்டு உலாவியை மூடித் திறவுங்கள்.

பழையது மட்டும் ஓடாவிட்டால், பிளாஷ் காரணமாக இருக்கலாம். அக்காலத் தளங்கள் பல, அடோபி நிறுவனத்தின் இந்த மென்பொருள் மூலமே காணொளிகளைக் காட்டின. 2020 டிசெம்பர் 31உடன் அடோபி அதனைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் உள்ளடக்கம் ஓடாமல் தடுத்தது. ஆனால் காணொளிக் கோப்பு தளத்தின் சேவையகத்தில் இன்னும் இருக்கலாம். தளத்தினரிடம் அதைக் கேட்டுப் பெறுங்கள். 'எப்எல்வி' வகைக் கோப்பை இலவச விஎல்சி மென்பொருளில் பார்க்கலாம். தளமே மூடப்பட்டிருந்தால், 'வேபாக் மெஷின்' என்ற இணையக் காப்பகத்தில் அதன் முகவரியை இட்டுத் தேடுங்கள்.

'பிளாஷைப் புதுப்பிக்கவும்' என்று வரும் அறிவித்தலை அழுத்த வேண்டாம். அடோபி அதை இப்போது வழங்குவதில்லை. உங்கள் கணினிக்குள் வைரஸ் புகுந்துவிடும் ஆபத்து உண்டு.

கிடைத்த கோப்பை இரண்டு இடங்களில் சேமியுங்கள். எடுக்கப்பட்ட நாள், இடம், தெரிந்த முகங்களின் பெயர்கள் என்பவற்றையும் எழுதி வையுங்கள். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவர் கடைசியாகத் தெரியும் காட்சி அதில் இருக்கக்கூடும்.