தட்டுப் பிதுக்கமும் கைரோபிராக்டிக் சிகிச்சையும்

கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தியும் அசைத்தும் வலியைக் குறைக்க முயலும் சிகிச்சை முறை ஆகும். 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் இதைத் தொடங்கினார்.

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த தட்டின் வெளி வளையம் கிழிந்து, உள்ளிருக்கும் கூழ்ப்பகுதி வெளியே தள்ளப்படுவதே தட்டுப் பிதுக்கம். இது அருகிலுள்ள நரம்பை அழுத்தினால் வலி காலுக்கும் பரவும். பேச்சு வழக்கில் இதை 'ஜவ்வு விலகல்' என்பர். உண்மையில் தட்டு முழுவதுமாக இடம் விலகுவதில்லை. எனவே அதைத் தள்ளிப் பழைய இடத்தில் பொருத்திவிடலாம் என்ற கருத்து சரியன்று. பிதுங்கிய பகுதி பலருக்கு நாளடைவில் தானாகவே சுருங்குகிறது. கைச்சிகிச்சை அதுவரை சிலருக்கு வலியைத் தணிக்கலாம். அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டுதல், கீழ்முதுகு வலிக்கான மருந்தில்லா முறைகளுள் இதையும் சேர்த்துள்ளது. ஆனால் சான்றின் தரம் குறைவு என்றும் குறிப்பிடுகிறது.

எலும்பு முறிவு, கடும் எலும்புத் தேய்மானம், முதுகெலும்பில் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இச்சிகிச்சை ஆகாது. கால் பலவீனம் கூடுதல், தொடைகளின் உட்பகுதி மரத்துப்போதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், மலம் கட்டுப்படாமை ஆகியவை தோன்றினால் கைச்சிகிச்சையை நாடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசர அறுவை தாமதமானால் நரம்புப் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும்.