‘எஞ்சின் போச்சு’ என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்!

காலை வானொலி நிகழ்ச்சியில் சாலை நிலவரம் வாசிப்பது என் அன்றாட வேலை. “பட்டர்வொர்த் செல்லும் சாலையில் லோரி ஒன்று பழுதாகி நிற்கிறது. வாகனமோட்டிகள் கவனமாகச் செல்லவும்.” இப்படி ஒரு வரி வாசித்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவோம். கேட்பவர்களுக்கு அது பத்து நிமிடத் தாமதம். சொந்தமாக ஒரே ஒரு லோரி வைத்துப் பிழைப்பவருக்கு, குடும்பச் சேமிப்பையே அசைத்துப் பார்க்கும் வாரத்தின் தொடக்கம்.

லோரியை இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனால், சில நேரங்களில் அரை மணி நேரத்திலேயே பதில் வந்துவிடும்: “எஞ்சின் போச்சு அண்ணே. மாத்தணும்.” அடுத்த தொலைபேசி அழைப்பு அலுவலகத்தில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ போகும். “எஞ்சின் மாத்தணுமாம்பா. கையில கொஞ்சம் காசு இருக்கா?” இந்தக் கட்டுரை லோரி ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, அந்த அழைப்பை எடுப்பவருக்கும் சேர்த்துத்தான்.

லோரிகளின் ஊர்

ஜார்ஜ்டவுனிலிருந்து கடலைக் கடந்தால் பட்டர்வொர்த். அங்கேதான் இருக்கிறது மாக் மண்டின். 1972இல் தீவில் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் வருவதற்கு முன்பே, 1960களில் உருவான தொழிற்பேட்டை இது. பக்கத்தில் கப்பல் சரக்கு முனையம், பிறைத் தொழிற்சாலைகள், வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. லோரிகளும் அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறைகளும் இந்த வட்டாரத்தின் அன்றாடக் காட்சி. எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் அனுபவசாலி போமன்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவசரத்தில் தீர்ப்புச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இருவரையும் எப்படிப் பிரித்தறிவது?

நேற்று ஓடியது, இன்று ஏன் ஓடவில்லை?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை பிஸ்டன் மிக இறுக்கமாக அழுத்தும். அந்த அழுத்தத்திலேயே காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகிவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆக, ஸ்டார்ட் ஆக மூன்று வேண்டும்: எஞ்சின் போதிய வேகத்தில் சுழல வேண்டும், டீசல் சரியாக வந்து சேர வேண்டும், காற்று நன்றாக அழுத்தப்பட வேண்டும்.

மூன்றாவது போனால்தான் எஞ்சின் உண்மையில் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஆனால் தேய்மானம் ஒரே இரவில் வருவதில்லை. பல மாதங்களுக்கு முன்பே காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், நீலப்புகை வரும், எண்ணெய் குறையும், ஏற்றத்தில் இழுக்காது. இந்த அறிகுறி எதுவுமில்லாமல் நேற்று இரவு வரை நன்றாக ஓடிய லோரி இன்று காலை கிளம்பவில்லை என்றால், முதல் சந்தேகம் பேட்டரி, வயர், டீசல் பக்கம்தான் போக வேண்டும். அவை எஞ்சின் விலையில் சிறு பங்குக்குள் சரிசெய்யக்கூடியவை.

விதிவிலக்குகளும் உண்டு. எண்ணெய் இல்லாமல் ஓடியது, கடுமையாகச் சூடேறியது, டைமிங் பெல்ட் அறுந்தது, உள்ளே தண்ணீர் புகுந்தது போன்றவை நல்ல எஞ்சினையும் ஒரே நாளில் கெடுத்துவிடும்.

சாவியைத் திருப்பினால் என்ன கேட்கிறது?

‘டிக்’ என்ற ஒலி மட்டும் கேட்டால் பேட்டரி, அதன் முனைகள், எர்த் வயர், ஸ்டார்ட்டர் ஆகியவற்றைப் பாருங்கள். பல லோரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் சேர்ந்து 24 வோல்ட் தரும். ஓய்வில் ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஒன்று பலவீனமானாலே போதும், ஸ்டார்ட்டர் திணறும். எஞ்சின் இறுகிவிட்டதாகச் சொன்னால், பேட்டரியைக் கழற்றிவிட்டு கிராங் புல்லியைப் பெரிய ஸ்பானரால் கையால் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். முழுச் சுற்று திரும்பினால் இறுகவில்லை.

நன்றாகச் சுழல்கிறது, ஆனால் புகையே இல்லை என்றால் பெரும்பாலும் டீசல் வந்து சேரவில்லை. அடைத்த பில்டர், குழாயில் புகுந்த காற்று, வேலை செய்யாத பம்ப் அல்லது டீசலை நிறுத்தும் சொலினாய்டு காரணமாக இருக்கலாம்.

சுழல்கிறது, வெள்ளைப்புகையும் வருகிறது என்றால் டீசல் வருகிறது, ஆனால் எரியவில்லை. இன்ஜெக்டர், டைமிங், அழுத்தம் மூன்றையும் சோதிக்க வேண்டும்.

வழக்கத்தைவிட வேகமாக, எதிர்ப்பே இல்லாமல் ‘விர்ர்ர்’ என்று சுழன்றால் அழுத்தம் போயிருக்கலாம். இங்கேதான் கவலைப்பட வேண்டும்.

நம் நாட்டில் 2019இல் வாகனங்களுக்கு பி10, அதாவது செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் பத்து விழுக்காடு கலந்த டீசல், கட்டாயமாக்கப்பட்டது. பயோடீசல் ஈரத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும். நாள் கணக்கில் நிறுத்திய லோரியின் தொட்டியில் தண்ணீர் சேர்ந்தால் பூஞ்சையும் கசடும் உருவாகி பில்டரை அடைக்கும். பில்டருக்கு அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பது காசே செலவாகாத வேலை.

ஒரு எச்சரிக்கை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று காற்றுக் குழாயில் ஈதர் ஸ்பிரே அடிப்பது சில இடங்களில் வழக்கம். குளோ பிளக் உள்ள எஞ்சினில் இது நேரம் தவறி வெடித்து பிஸ்டனை உடைக்கக்கூடும். நோய் பார்க்கப் போய் நோயை வாங்கிவரக் கூடாது.

தீர்ப்புக்குச் சாட்சி வேண்டும்

எஞ்சின் போய்விட்டது என்றால் அதற்கு எண் இருக்க வேண்டும். கம்ப்ரஷன் சோதனையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு அளவு கிடைக்கும். நல்ல டீசல் எஞ்சினில் அது பெரும்பாலும் 25 முதல் 30 பார் வரை இருக்கும். உங்கள் எஞ்சினுக்கு உரிய குறைந்தபட்ச அளவு தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். நான்கில் ஒன்று மட்டும் மிகக் குறைவு என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் பிரச்சினையாகவும் இருக்கலாம். அதற்காக முழு எஞ்சினையும் மாற்ற வேண்டியதில்லை.

அடுத்தது காற்றுக் கசிவுச் சோதனை. சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி, எங்கே வெளியேறுகிறது என்று காது வைத்துக் கேட்பார்கள். எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது விரிசல். சைலன்சரில் கேட்டால் வால்வு. எஞ்சின் எண்ணெய் தே தாரேக் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எண்ணெய் பில்டரை வெட்டிப் பார்க்கும்போது உலோகத் துகள் மின்னினால் பேரிங் தேய்ந்திருக்கிறது.

புதிய காமன்ரெயில் லோரி என்றால் ஸ்கேனர் கட்டாயம். பழுதுக் குறியீட்டையும், சுழலும்போது ரெயிலில் எழும் அழுத்தத்தையும் கேளுங்கள். இன்ஜெக்டர் ஒன்று கசிந்தாலே போதிய அழுத்தம் ஏறாது, எஞ்சின் செத்ததுபோலக் கிடக்கும்.

வெள்ளத்தில் நின்ற லோரி

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்குத் தீவையும் செபராங் பிறையையும் மூழ்கடித்த வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். தண்ணீரில் நின்ற லோரியில் செய்யக்கூடாத முதல் காரியம் சாவியைத் திருப்புவது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்த நிலையில் சுழற்றினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, எண்ணெயை மாற்றிய பிறகே சுழற்ற வேண்டும். காப்பாற்றியிருக்கக்கூடிய எஞ்சின் அந்த ஒரு திருப்பலில் போய்விடும்.

உண்மையிலேயே போய்விட்டால்...

இரண்டு வழிகள். ஒன்று, ஓவர்ஹால்: இருக்கும் எஞ்சினைப் பிரித்து ரிங், லைனர், பேரிங், கேஸ்கட் மாற்றுவது. மற்றொன்று, ஜப்பானிலிருந்து வரும் பழைய எஞ்சின். ‘ரிகோன்’ என்று சொன்னாலும், பல நேரங்களில் அது பிரித்துப் புதுப்பித்த எஞ்சின் அல்ல, கழற்றிக் கழுவிய எஞ்சின்தான். எதை மாற்றினார்கள், கம்ப்ரஷன் அளவு என்ன, உத்தரவாதம் எத்தனை மாதம், கூலியும் அதில் அடங்குமா என்று கேளுங்கள்.

விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள், நாளையும் சேருங்கள். ஓர் உதாரணக் கணக்கு: ஓவர்ஹால் 9,000 வெள்ளி, 12 நாள். பழைய எஞ்சின் 11,000 வெள்ளி, 4 நாள். லோரியின் நிகர வரவு நாளுக்கு 300 வெள்ளி என்றால், இழப்பையும் சேர்த்து முதலாவது 12,600, இரண்டாவது 12,200. இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. அப்போது எந்த எஞ்சினின் வரலாறு நமக்குத் தெரியும் என்பதே கேள்வி. லோரியே வயதாகி, சேசிஸ் துருப்பிடித்திருந்தால், அதற்கு மேலும் காசு போடலாமா என்றும் குடும்பமாக உட்கார்ந்து பேச வேண்டும்.

எஞ்சினை மாற்றினால் எஞ்சின் எண்ணும் மாறும். அதை ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியோடு வாகனப் பதிவில் மாற்றியாக வேண்டும். வாங்கிய ரசீதையும், இறக்குமதி எஞ்சின் என்றால் சுங்க ஆவணத்தையும் பத்திரப்படுத்துங்கள். கடனில் உள்ள லோரி என்றால் நிதி நிறுவனத்திடமும், காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். வர்த்தக லோரிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகின்றன. பதிவில் ஓர் எண், எஞ்சினில் வேறொரு எண் என்றால் அங்கேயே நின்றுவிடும்.

அழைப்பு வந்தால் கேட்க வேண்டியவை

அப்பா அழைக்கும்போது காசு அனுப்புவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். பேட்டரி வோல்ட் எவ்வளவு? டீசல் வருகிறதா? எஞ்சின் கையால் திரும்புகிறதா? ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் எத்தனை? பதில்களையும் விலைப்பட்டியலையும் எழுத்தில் வாங்கி, படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களையும் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

தொழில் தெரிந்த போமன் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே கேஜை எடுத்துக் காட்டுவார். அந்தச் சோதனைக்கான கூலியை மட்டும் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.