பறை அடித்ததும் தாழும் குரல்

இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் பாடிய ‘மனுசங்கடா’ பாட்டு, மேடைகளிலும் கேசட்டுகளிலும் ஊர் ஊராகப் பரவியது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த நெருப்பின் சூடு இந்தப் பாட்டில் இருக்கிறது. இதைச் சுமந்த கேசட்டையும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

1963-ல் பிலிப்ஸ் கொண்டுவந்த கேசட்டின் நாடா 3.81 மில்லிமீட்டர் அகலம். அதன்மேல் இரும்பு ஆக்சைடு துகள் பூசியிருக்கும். மைக்கில் விழும் ஒலி மின்சாரமாகி, ‘ஹெட்’ எனும் குட்டி மின்காந்தத்துக்குப் போகிறது. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அதை உரசிக் கடக்கையில், துகள்களில் காந்தம் ஏறி அப்படியே தங்கிவிடுகிறது. நாடா குறுகல், வேகமும் குறைவு. அதனால்தான் ‘உஸ்’ இரைச்சல். பிரதி எடுக்க எடுக்க அது கூடும்.

ஸ்டுடியோ வேண்டியதில்லை. மேடைக்கு முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து, ரிக்கார்டு, ப்ளே பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் போதும். அப்படிப் பதிந்த கேசட்டுகளைக் கூர்ந்து கேளுங்கள். பறையில் ஓங்கி ஓர் அடி விழுந்ததும் பாடகர் குரல் அமுங்கி, மெல்ல மேலேறி வரும். சின்ன ரிக்கார்டர்களில் ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் மின்சுற்று உண்டு. பலத்த அடி வந்தால் அது எல்லா ஒலியையும் சேர்த்துக் குறைத்துவிட்டு, நிதானமாகத்தான் பழைய அளவுக்குக் கொண்டுவரும். ஒலிப்பதிவாளர்கள் இதைக் குறை என்பார்கள். எனக்கோ, பறைக்கு முன்னே உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

இப்படிப் பரவியது நம் பாட்டு மட்டுமல்ல. அமெரிக்கப் பாடகர் பாப் டிலானும் நண்பர்களும் 1967-ல் ஒரு வீட்டின் நிலவறையில் பதிந்த பாட்டுகளும் முதலில் கைமாறியே பரவின; முறையான ஆல்பம் 1975-ல்தான் வந்தது. நம் பாட்டு சினிமா வரைக்கும் போனது: 2017-ல் அம்ஷன் குமார் தன் படத்துக்கு ‘மனுசங்கடா’ என்றே பெயர் வைத்தார்.

உங்கள் பரணிலும் இப்படி ஒரு கூட்டத்துக் கேசட் கிடக்கலாம். முதலில் அதன் பின்விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிடுங்கள். கைதவறி ரிக்கார்டு பட்டனை அழுத்தினாலும் பாட்டு அழியாது. ஒலி மங்கலாக வந்தால் நாடா கெட்டுவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள். நாடாவை ஹெட்டோடு சேர்த்து அழுத்தும் சிறு மெத்தைத் துண்டு, பசை காய்ந்து விழுந்திருக்கலாம். சுருளைத் திருகாணி போட்ட வேறு கேசட் கூட்டுக்கு மாற்றி, முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிந்துகொள்ளுங்கள்.