திறந்த மோட்டார் வண்டிக்குத் துணிக்கூரை அமைத்தல்

துணியை வெட்டித் தைத்தல் எளிது. அதனைத் திறந்த மோட்டார் வண்டியொன்றின்மேல் நீர் ஒழுகாவண்ணம் பொருத்துதல் அரிது. இவ்வருமைக்குக் காரணம் துணியன்று, வண்டியேயாம்.

இங்கிலாந்திலே மால்வேண் நகரில் 1909 ஆம் ஆண்டு தோன்றிய மோர்கன் நிறுவனம் 1936 இல் நாற்சில்லு வண்டியொன்றை வெளியிட்டது. அதன் உடல், ஆஷ் என்னும் மரத்தாலான சட்டத்தின்மேல் உலோகத் தகடு போர்த்திக் கையால் அமைக்கப்பட்டது. அவ்வாறமைந்த வண்டிகளுள் இரண்டு முற்றும் ஒத்த அளவின அல்ல. ஆண்டுகள் செல்ல மரமும் சிறிது அசையும். ஆதலின், பொது அளவில் ஆயத்தமாய்த் தைத்த கூரை ஒன்றற்கு இறுகும், மற்றொன்றற்குத் தளரும். அவ்வவ் வண்டியின்மேலேயே அளந்து தைப்பதே தக்கது.

முதலில் மடிப்புச் சட்டத்தின் பழுது நீக்கி, அதனை உரிய உயரத்தில் நிறுத்துதல் வேண்டும். பின்னர் துணியிலும் வண்டியிலும் நடுக்கோடு குறித்து, பின்விளிம்பை நடுவிலிருந்து இருமருங்கும் பிணைத்தல் வேண்டும். அதன்பின் துணியை முன்னிழுத்துக் கண்ணாடிச் சட்டத்தில் தற்காலிகமாக மாட்டி, பக்கத் திரைகளையும் பொருத்திப் பார்த்த பின்னரே மிகுதியை வெட்டலாம்.

வினைல் வெப்பத்தில் நெகிழும், குளிரில் சுருங்கும். கடுங்குளிரிற் பொருத்தினால் வெயிலில் தொய்யும். கடுவெயிலில் இழுத்துப் பொருத்தினால் குளிரில் தையல் பிரியும். எனவே மிதமான வெப்பமே ஏற்றது. தொய்வும் தீதே, விரைவில் மேற்புறக் காற்றமுக்கம் குறைய, உட்காற்றுத் துணியை மேலே தள்ளிப் படபடக்கச் செய்யும்.

ஒழுகும் நீர் இருப்பவரை நனைப்பதோடமையாது; மரச்சட்டத்துட் புகுந்து அதனை உளுக்கச் செய்யும். மெல்லிய துணியே வண்டியின் ஆயுளைக் காக்கின்றது.